துருப்பிடித்த புது போர்டு

அந்த மூன்று பேரும் என் கடைக்கு முதல்முறை வந்தபோது ஏதோ நாடகக் கோஷ்டி என்றுதான் நினைத்தேன். ஒருத்தன் காது வரைக்கும் நீண்ட காலர் வைத்த சட்டை போட்டிருந்தான். இன்னொருத்தனின் பேன்ட் கீழே மணி மாதிரி விரிந்து, தெருவைப் பெருக்கிக்கொண்டே வந்தது. கூட வந்த பெண் சாதாரணமாக ஒரு காட்டன் புடவையில் இருந்தாள். ஆனால் அவள் பையிலிருந்து எடுத்து என் மேஜைமேல் போட்டது, அவளுடைய அம்மா கல்யாணத்துக்கு முன்னால் போட்ட பஃப் கை ரவிக்கை.

"ஆன்ட்டி, இதே மாதிரி எனக்கு ஒண்ணு தெச்சுக் குடுக்கணும்" என்றாள்.

"மொதல்ல ஆன்ட்டின்னு கூப்புடறத நிறுத்து. அப்புறம் தெக்கிறதப் பத்திப் பேசலாம்" என்றேன்.

அன்றிலிருந்து மூவருக்கும் நான் அக்கா. எனக்கு மூக்குமேல் கோபம் என்பது அவர்களுக்கும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதற்காக அவர்கள் பயந்ததாக நினைவில்லை.

நான் பட்டு ரவிக்கை தைக்கிறவள். காஞ்சிபுரத்தில் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள், புடவை முனையில் வரும் ரவிக்கைத் துண்டை வெட்டி இங்கேயே தைக்கக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு முதுகில் ஜன்னல், ஜன்னலில் குஞ்சலம், குஞ்சலத்தில் கிளி. தைத்துத் தைத்து எனக்கே சலித்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு பெண் வந்து பஃப் கை கேட்கிறாள். தோளில் சுருக்கம் வைக்கும்போது விரல்கள் குஷியாகிவிட்டன. வாயில் மட்டும், "இதெல்லாம் யாரு போடுவா இப்ப" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தைத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள் பாருங்கள், நான் வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு அழகு.

அதற்குப் பிறகு அவர்கள் இருந்த வீட்டுக்கும் போனேன். தேரடியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், சிவப்புத் தரை போட்ட வாடகை வீடு. ஒயர் பின்னிய நாற்காலிகள். தானாக அணைந்து தானாக எரியும் ஒரு குழல் விளக்கு. கீழ் அறை முழுக்க ரேடியோக்கள். காலர் சட்டைக்காரன் அவற்றையெல்லாம் பிரித்துப் பிரித்துப் பாட வைப்பான். சந்தில் இருப்பவர்கள் பரணிலிருந்து எடுத்து வந்து கொடுப்பதை, குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பான். மணி பேன்ட்காரன் போட்டோ எடுக்கிறவன். செல்லில் இல்லை, பிலிம் போடும் கேமராவில். விடியற்காலையில் பழைய ஸ்கூட்டரை ஒரு பக்கம் சாய்த்து, உதைத்து, திட்டி, ஒருவழியாகக் கிளப்பிக்கொண்டு திருமுக்கூடல் வரைக்கும் போவான். ஒருநாள் போய்விட்டு வந்து, "ஒண்ணுமே எடுக்கலக்கா" என்றான்.

"பின்ன எதுக்குடா அவ்ளோ தூரம் போன?"

"வெளிச்சம் நல்லா இல்லக்கா. பிலிம வேஸ்ட் பண்ணக் கூடாது இல்ல?"

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் அக்கா பேரன் சாப்பிடுகிற தோசையை நாற்பது படம் எடுக்கிறான். இவன் மூன்று ஆறு கூடுகிற இடத்துக்குப் போய், பார்த்துவிட்டு மட்டும் வருகிறான். இந்த வயதில் இவ்வளவு பொறுமை எனக்கு இருந்ததில்லை. இப்போதும் இல்லை.

ஆனால் மூவரில் என் மனது ஒட்டிக்கொண்டது அந்தப் பெண்ணிடம்தான். அவள் எழுத்து வரைகிறவள். கடை போர்டு, சுவர் விளம்பரம், வண்டிகளின் பின்னால் எழுதும் வாசகம், இதையெல்லாம் பிரஷ்ஷால் கையாலேயே எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. ஊரில் எங்காவது பழைய பெயின்ட் எழுத்து மிச்சம் இருந்தால் போதும், அதன் முன்னால் சாமி கும்பிடுகிறவள்போல நின்றுவிடுவாள். மாகறல் போகிற வழியில் ஒரு வீட்டுச் சுவரில் யாரோ எப்போதோ எழுதிய சோப்பு விளம்பரம் பாதி அழிந்து நிற்கிறது. அதைப் பார்க்க என்னையும் ஒருநாள் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். வெயிலில் என் தலை வெடித்துவிடும்போல இருந்தது. அவளோ, "அந்த வளைவப் பாருக்கா, அந்த வளைவப் பாருக்கா" என்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். கை நிறைய வேலை இருக்கிற மனிதர். மகள் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்றபோது மறுபேச்சு பேசாமல் அனுப்பினார். படிப்பு முடிந்ததும் ஒரு விளம்பரக் கம்பெனி அவளைக் கூப்பிட்டது. ஏசி அறை, கம்ப்யூட்டர், மாதச் சம்பளம். இவளோ ஊருக்கு வந்து போர்டு எழுதப் போகிறேன் என்றாள். அப்பா கத்தவில்லை. ஒரே ஒரு பேச்சுதான் பேசினாராம்: "இந்த ஊர்ல யாராவது உன்னக் கூப்ட்டு எழுதச் சொல்லட்டும். அந்த வேலைய நீ ஒழுங்கா செஞ்சு காட்டு. அப்ப இரு. இல்லன்னா ஆடி பொறக்கறதுக்குள்ள அந்தக் கம்பெனில போய்ச் சேந்துடு."

யாரும் கூப்பிடவில்லை. ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் போர்டு. காலையில் சொன்னால் மாலையில் தருகிறார்கள். கடைக்காரர் படமும் கூடவே சிரிக்கிறது. பிரஷ் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிற பெண்ணிடம், "நீங்களாம்மா ஏணி ஏறுவீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சித்திரை பிறந்தது. கம்பெனிக்காரர்கள் மறுபடி போன் செய்தார்கள். அவள் பிடி கொடுக்கவில்லை. ஆனால் சந்தில் நடக்கும்போது ஒவ்வொரு கடையின் தலையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவது எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் என் கடைக்கு இடி விழுந்தது. பெரிய ரோட்டில் நான் இருந்த கட்டடத்தை ஒரு ஜவுளிக்காரர் வாங்கி, இடித்து, கார் நிறுத்த இடம் செய்யப் போவதாகச் சொல்லிவிட்டார். வைகாசி முகூர்த்தத்துக்கு ரவிக்கைகள் மலைபோலக் கிடக்கிற நேரம். மூன்று பிள்ளைகளும் வந்து நின்றார்கள். "எங்க சந்துல, எதிர்வீட்ல ஒரு முன்ரூம் காலியா இருக்குதுக்கா. வந்துடுங்க" என்றான் ரேடியோக்காரன். அவர்களே என் மிஷின்களைத் தூக்கி, துணி மூட்டைகளைத் தூக்கி, கடையைக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் வைத்து முடித்து டீ குடிக்கும்போது நான் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"உள் சந்துக்கு வந்துட்டேன். கஸ்டமருக்கு எடம் தெரியணும். நல்ல போர்டு ஒண்ணு எழுதிக் குடு. நான் கூப்புடறேன் உன்ன, போதுமா? உங்க அப்பாகிட்ட போய்ச் சொல்லு."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு இந்தக் கட்டிக்கொள்கிற பழக்கமெல்லாம் கிடையாது. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் என்னை அவர்கள் வீட்டுக்குள்ளேயே விடவில்லை. "சர்ப்ரைஸ்க்கா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். உள்ளே தகரம் தட்டுகிற சத்தம், தேய்க்கிற சத்தம், மூன்று பேரின் சிரிப்பு. ஒருநாள் டீத்தூளை ஒரு குண்டான் நிறையக் கொதிக்க வைத்த வாசனை வந்தது. பெயின்டுக்கு எதற்கடா டீ என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

நல்ல நாள் பார்த்து, எலுமிச்சை நசுக்கி, கற்பூரம் காட்டி, மேலே போர்த்தியிருந்த வேட்டியை இழுத்தார்கள்.

துரு. முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஆணி அடித்த இடத்திலிருந்து பழுப்பு ஒழுகிக் கீழே வந்திருந்தது. "பட்டு பிளவுஸ் தையல்" என்ற எழுத்துகள் வெளுத்து, உரிந்து, நாற்பது வருஷம் மழையில் கிடந்த மாதிரி இருந்தன. கடைசி எழுத்தில் பாதியைக் காணோம். ஓரம் நெளிந்து தொங்கியது. அத்தனையும் அவர்கள் செய்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டீத் தண்ணீர் ஊற்றி, சின்ன பிரஷ்ஷால் துருவைக்கூடப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். துரு ஒட்டவில்லை. அது பெயின்ட்.

"விண்டேஜ் ஃபீல் வந்துடுச்சுல்லக்கா?" என்றாள். கண் அப்படி மின்னியது.

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன். என் வாழ்க்கையிலேயே அது பெரிய சாதனை. வேலைப்பாடு என்னவோ வேலைப்பாடுதான். அந்த ஒழுகின துருவை நான் நிஜமென்றே நம்பினேனே. ஆனால் புதிதாகத் திறக்கிற கடைக்கு இப்படி ஒரு போர்டை, இப்படி உயிரைக் கொடுத்து எழுத இந்த மூன்று பேரால் மட்டும்தான் முடியும். "நல்லா இருக்குதுமா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

நடக்க வேண்டியது நடந்தது. ஒரு வாடிக்கைக்காரரும் வரவில்லை. முசரவாக்கத்திலிருந்து வழக்கமாக வரும் ஒரு அம்மா போன் செய்தார். "ஏம்மா, கடைய மூடிட்டியா? உன் சந்துக்கு வந்தேன். துருப்புடிச்ச போர்டு ஒண்ணுதான் தொங்கினு இருந்துது. பூட்டிட்டுப் போய் வருஷக்கணக்கா ஆயிருக்கும்போலன்னு திரும்பிட்டேன்." நான் உள்ளேதான் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பழைய இரும்பு வாங்குகிற பாய் மூன்று சக்கர வண்டியை நிறுத்தினார். மேலே அண்ணாந்து பார்த்தார். "அம்மா, அந்தத் தகரத்தக் கழட்டப் போறீங்களா? எடைக்குப் போடறதுன்னா நானே ஏணி கொண்டாந்து கழட்டிக்கிறேன்" என்றார்.

அவ்வளவுதான். பொங்கிவிட்டேன். எதிர்வீட்டுக்குப் போய் மூன்று பேரையும் வெளியே கூப்பிட்டேன். "இன்னாடி நெனச்சிக்கினு இருக்கற? முகூர்த்த சீசன்ல கடை தெறந்து வெச்சிருக்கேன். வர்றவங்க எழவு வீடுன்னு நெனச்சித் திரும்பிப் போறாங்க. இரும்புக் கடைக்காரர் வெல கேக்கறாரு!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் குனியவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. கூப்பிட்டு எழுதச் சொன்ன ஒரே கடை. அந்த வேலையே இப்படி ஆகிவிட்டது. அவளுக்கு அது என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

அவள் என் கடை எதிரே தரையில் உட்கார்ந்து போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், போட்டோக்காரன் கழுவிக் காயப்போட்டிருந்த படங்களைக் கிளிப்பிலிருந்து உருவிக்கொண்டு வந்தாள். எல்லாம் பழைய போர்டுகள், சுவர் எழுத்துகள். ஒவ்வொன்றாக என் மிஷின்மேல் வைத்தாள்.

"அக்கா, இதெல்லாம் எழுதன அன்னிக்கு எப்படி இருந்திருக்கும்?"

"எப்படி இருக்கும்? புதுசாத்தான் இருந்திருக்கும்" என்றேன், இன்னும் கோபம் ஆறாமல்.

"ஆமா இல்ல? இதுல ஒருத்தர்கூட பழசா எழுதலயேக்கா. கடைல எந்த செவப்பு அதிகமா அடிக்குமோ அதத்தான் வாங்கி எழுதியிருப்பாங்க. நான் அவங்க கையப் பாக்காம, மேல பட்ட வெயிலயும் மழையயும் பாத்து காப்பி அடிச்சிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் சிரித்தாள், திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. "நாளைக்கு ஒருநாள் குடுக்கா. ஏணியிலயே நின்னு, எல்லாரும் பாக்கறாப்பல எழுதறேன்."

தான் ஆசை ஆசையாகச் செய்ததைத் தப்பு என்று பார்க்க எத்தனை பேரால் முடியும்? ஊக்கு குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவள் நான். அந்த நிமிஷம் அவள் எனக்குப் பெரிய மனுஷியாகத் தெரிந்தாள்.

மறுநாள் காலையிலேயே துருவைச் சுரண்டி எடுத்து, தகரம் முழுக்க மஞ்சள் எனாமல் அடித்தாள். சித்திரை வெயிலில் அது மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. சாக்கட்டியில் நூலைத் தேய்த்து, பையன்களை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, டப்பென்று விட்டுக் கோடு போட்டாள். கை ஊன்ற ஒரு கம்பைப் போர்டில் சாய்த்துக்கொண்டு, சிவப்பில் பிரஷ்ஷை முக்கி, முதல் எழுத்தை ஒரே இழுப்பில் இறக்கினாள். எழுத்துக்கு அச்சும் இல்லை, முன்கூட்டி வரைந்த உருவமும் இல்லை. பிரஷ் திரும்புகிற இடத்தில் மணிக்கட்டு மட்டும் லேசாகச் சுழன்றது. நான் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். பூ விற்கிற பெண் கூடையை இறக்கி வைத்தாள். விளையாடிக்கொண்டிருந்த சந்துப் பிள்ளைகள் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தார்கள்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளுடைய அப்பா வந்தார். இரும்பு வாங்குகிறவர் விலை கேட்ட கதை சிரிப்போடு சிரிப்பாக அவருடைய தறி வரைக்கும் போயிருக்கிறது. முகத்தில் சிரிப்பில்லை. என்னிடம் வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. உன் யாவாரத்தக் கெடுத்துட்டா. இன்னிக்கு சாயந்தரம் கம்பெனில இருந்து போன் பண்றாங்க. இதான் கடைசி. சரின்னு சொல்ல வெச்சிக் கூட்டினு போலாம்னு வந்தேன்."

"அண்ணா, எழுதி முடிக்கட்டும்ணா" என்றேன்.

மேலேயிருந்து அவள் பார்த்துவிட்டாள். பிரஷ்ஷை நிறுத்தவில்லை. "அப்பா, ஏணி ஆடுது. கொஞ்சம் புடிப்பா" என்றாள். அதுவரைக்கும் பிடித்திருந்த ரேடியோக்காரன் சட்டென்று விலகிக்கொண்டான். அவர் வேறு வழியில்லாமல் பிடித்தார். எழுதுகிற கையில் பெயின்ட் என்பதால் போனையும் மறு கையால் அவரிடமே கீழே நீட்டினாள்.

அண்ணாந்து எழுத்துகளைப் பார்த்தார். பிறகு, "அந்த 'ப' வலது பக்கம் சாயுது" என்றார்.

"கீழ இருந்து பாத்தா அப்படித்தான்பா தெரியும். இது வண்டில வர்றவங்களுக்கு எழுதறது. சந்து முனைல போய் நின்னு பாரு."

ரேடியோக்காரனிடம் ஏணியைக் கொடுத்துவிட்டு நடந்துபோனார். சந்து முனையில் திரும்பி நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பின்னால் பைக்கில் வந்தவன் ஹாரன் அடித்தும் நகரவில்லை. திரும்பி வந்து ஏணியைப் பிடித்தார். இந்தத் தடவை இரண்டு கையாலும்.

அதற்குள் கல்யாணப் புடவைப் பையோடு ஒரு தாயும் மகளும் சந்துக்குள் நுழைந்து, யாரிடமும் கேட்காமல் நேராக என் வாசலில் வந்து நின்றார்கள். காபித்தூள் கடைக்காரர் மேலே பார்த்து, "நம்ம கடைக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதித் தருவியாமா?" என்று சத்தமாகக் கேட்டார். அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

கடைசிச் சொல்லின் பெரிய வளைவை அவள் பாதி இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. போட்டோக்காரன் கேமராவைத் தாழ்த்தினான்.

"அப்பா, இப்ப கைய எடுத்தா கோட்டுல ஒட்டு தெரியும்பா" என்றாள். கை வளைவிலேயே போய்க்கொண்டிருந்தது.

அவர் ஏணியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனைக் காதில் வைத்தார்.

"ஆமா சார், அவங்க அப்பாதான் பேசறேன்." மகளை அவர் 'அவங்க' என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. "இல்ல சார், இப்பப் பேச முடியாது. அவங்க ஏணி மேல வேலையா இருக்காங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் அண்ணாந்து, மகளின் கை அந்த வளைவை முடித்துச் சுழித்து நிற்கும்வரை பார்த்தார்.

"எப்ப எறங்குவாங்கன்னு சொல்ல முடியாது சார். இது முடிஞ்சா காபிக் கடை இருக்குது."

போனை அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் வெட்கமில்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அவர் மறுபடியும் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.